ஜெட்டில் ஊசி விட்டுக் குடைபவர்களிடம் உஷார்

கேஸ் அடுப்பு பற்றவில்லை என்று ஆளைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு வீட்டு அடுப்பில் மூன்று பர்னரில் ஒன்று மட்டும் பற்றவில்லை. பழுதுபார்க்க வந்தவர் குமிழை இரண்டு தடவை திருகிவிட்டு, "வால்வும் ஜெட்டும் போச்சு, மாத்தணும்" என்று சொல்லி இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார். எதையும் மாற்றவில்லை. வால்வைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது, திருப்புளி பட்ட தடம்கூட இல்லை. ஜெட் என்பது பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சும் சிறு பித்தளை முனை. அதன் துளையில் தடித்த ஊசியை விட்டுக் குடைந்ததுதான் அவர் செய்த வேலை. சுடர் உயரமாக எழுந்ததும், சரியாகிவிட்டது என்று போய்விட்டார். இரண்டே நாளில் பாத்திரத்தின் அடி முழுக்கக் கரி.

சுடர் பெரிதானால் அடுப்பு சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள். ஜெட் துளையின் விட்டம் 10 சதவீதம் கூடினாலே பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். கேஸ் அந்த அளவுக்கு அதிகமாகப் பாயும், ஆனால் கூடவே இழுபடும் காற்று அதற்கு ஈடுகொடுக்காது. நீலச் சுடர் மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடும் வரும். சிலிண்டரும் சீக்கிரம் காலியாகும். குடைந்த துளையைப் பழையபடி சிறிதாக்க வழியில்லை, அதே அளவில் புது ஜெட்தான் போட வேண்டும்.

கேஸ் வாடை அடித்தால் எதையும் சோதிக்காதீர்கள். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், மின் சுவிட்சைத் தொடாதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும்.

வாடை இல்லை, மற்ற பர்னர்கள் நன்றாக எரிகின்றன என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் மேல் பழி போட இடமில்லை. தீக்குச்சி வைத்தால் பற்றுகிறதா? அப்படியானால் கேஸ் வருகிறது, ஸ்பார்க்தான் கோளாறு. கழுவிய ஈரம் பொறி கிளப்பும் வெள்ளைப் பீங்கான் முனையில் நின்றால் பொறி திசைமாறிப் போய்விடும், துடைத்துக் காயவிட்டாலே போதும். எந்தப் பர்னரிலும் பொறி இல்லையா, முதலில் பேட்டரியை மாற்றுங்கள். குமிழை விட்டதும் அணைந்தால், சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு முனை உள்ள அடுப்புகளில் அந்த முனையைத் துடைத்துவிட்டு, பற்றியபின் 10 விநாடி வரை குமிழை அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.

குச்சி வைத்தும் பற்றவில்லையா? பர்னர் மூடி அதன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம், பொங்கி வழிந்தது துளைகளை அடைத்திருக்கலாம். பெரும்பாலும் இவ்வளவுதான். ஜெட்டே அடைத்திருந்தால் கழற்றி வெந்நீரும் சோப்பும் கலந்து ஊறவைத்து ஊதினால் திறந்துவிடும். பித்தளையைவிடக் கெட்டியான எதுவும் அந்தத் துளைக்குள் போகக் கூடாது.

வேலை முடிந்ததும் கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜெட்டில் எண் பொறித்திருந்தால் பழையதிலும் புதியதிலும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு குமிழ்களை மூடி, சிலிண்டரைத் திறந்து, தொட்ட இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். குமிழி கிளம்பினால் சிலிண்டரை மூடி, அந்த இணைப்பை உங்கள் கண்முன்னே திரும்ப முடுக்கிச் சோதித்த பிறகே அவரை அனுப்புங்கள்.