தொடை எலும்பைத் திருப்ப ஆணியா, பிளேட்டா?

அக்கா மகள் நடந்தால் முட்டி இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 8, 10 வயதுக்குள் தானாகவே நேராகிவிடும். இவளுக்கு 16 ஆகியும் மாறவில்லை. உள்பக்கமாகத் திருகியிருக்கும் தொடை எலும்பை அறுத்து, திருப்பி வைத்து, ஆணியோ பிளேட்டோ போட்டுப் பொருத்தணும் என்றார் பாளையங்கோட்டை டாக்டர்.

ஆணி என்றால் எலும்புக்குள்ளேயே கம்பி போகும். தழும்பு சின்னது, பெரும்பாலும் சீக்கிரமே காலை ஊன்றலாம். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி செக்கப்புக்கு வருகிறவர்களுக்கு இது சும்மா விஷயமில்லை. ஆனால் எலும்பு இன்னும் வளரும் பிள்ளைகளுக்கு, ஆணி நுழையும் இடத்தைப் பொறுத்து, இடுப்புப் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் கெடலாம்.

அவர்களுக்குப் பிளேட்தான், அதாவது எலும்பின் மேல் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் உலோகத் தகடுதான், நிம்மதி. வெட்டு நீளம், ஊன்ற நாளாகும், அவ்வளவுதான்.

இவளுக்கு வளர்ச்சி முடிந்துவிட்டது. என் ஓட்டு ஆணிக்கு. அதற்கு முன்னால் திருகல் எத்தனை டிகிரி என்று சி.டி. ஸ்கேனில் அளந்துவிடணும்.