கொள்ளிடத்து வத்தத்தில் திரும்பி வர ஒரு பேட்டரி

12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என் படகுக்கு நன்றாகப் பொருந்திவிட்டது. அதே வேலைக்கு வாங்கக்கூடிய டியூபுலர் ஈயப் பேட்டரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்தேன். கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் பெட்டியின் மேல் ‘100’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி யாரும் வாங்கிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

படகு 14 அடி ஃபைபர், பழையாறு பக்கம் கட்டியிருக்கும். வார நாளில் சீர்காழியில் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். ஞாயிற்றுக்கிழமை கொடியம்பாளையத்தை ஒட்டிய கழிகளில் கொடுவாவுக்குத் தூண்டில். ஆழமில்லாத கழியில் எஞ்சின் சத்தம் கேட்டால் கொடுவா நிற்காது. அதனால்தான் பின்பலகையில் 55 பவுண்டு இழுவிசை கொண்ட ட்ரோலிங் மோட்டார், அதாவது சத்தமில்லாமல் பேட்டரியில் ஓடும் படகு மோட்டார், மாட்டியிருக்கிறேன். முழு வேகத்தில் அது 50 ஆம்பியர் வரை இழுக்கும். கொள்ளிடம் முகத்துவாரத்துக்கு அருகில் வத்தம், அதாவது கடல் நீர் வடிவது, தொடங்கினால் தண்ணீர் முழுவதும் கடலைப் பார்த்து ஓடும். அந்த நேரத்தில் மோட்டார் நின்றால் படகும் அந்தப் பக்கம்தான் போகும். எனவே பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு தூரம் போகலாம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. எதிர் நீரில் முழு வேகத்தில் எவ்வளவு நேரம் திரும்பி வரலாம் என்றுதான் பார்த்தேன்.

இந்தக் கணக்கில்தான் ஈயப் பேட்டரி அடிபடுகிறது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் இருப்பதால் முதலில் டியூபுலர்தான் நினைவுக்கு வரும். அதன் மேல் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. 100 ஆம்பியர்-அவர் என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். அதையே 50 ஆம்பியரில் இழுத்தால் இரண்டு மணி நேரம் வராது, ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதிலும் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். சின்னப் படகில் அவ்வளவு எடை உயரமாக நின்றால் அலையில் ஆட்டம் கூடும். சாய்ந்தால் ஆசிட் சிந்தும். கார் பேட்டரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எஞ்சினைச் சில நொடிகளில் கிளப்புவதற்காக மெல்லிய தகடு வைத்துச் செய்தது அது. மணிக்கணக்கில் இழுத்தால் சீக்கிரம் செத்துப்போகும்.

லித்தியத்தில் 50 ஆம்பியர் இழுத்தாலும் ஏறக்குறைய முழு அளவும் கையில் கிடைக்கிறது. எடை சுமார் 12 கிலோ, ஒற்றைக் கையில் கரைக்குத் தூக்கி வருகிறேன். பாதி வேகத்தில் போனால் இழுப்பு பாதியைவிடக் கீழே இறங்கிவிடுவதால், கழிக்குள் மெதுவாக நகர்ந்து தூண்டில் போட ஒரு காலைப்பொழுது தாராளம்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? முதலில் தராசு. 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குள் இருக்கும் நான்கு செல்களே சேர்ந்து ஏறக்குறைய 8 கிலோ. மொத்தப் பெட்டியே 6 கிலோ என்றால் உள்ளே அந்த அளவு இல்லை. அடுத்தது பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட். அது தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்று கடைக்காரர் எழுத்தில் காட்ட வேண்டும். என் மச்சான் ஆன்லைனில் சகாயமாக ஒன்று வாங்கினார். சோலார் விளக்குக்கான சின்ன பி.எம்.எஸ். வைத்தது போலிருக்கிறது, வேகத்தைக் கூட்டினால் பட்டென்று கரண்டை வெட்டிவிடும். விற்றவர்கள் மோட்டார்தான் பழுது என்று சாதித்தார்கள். மோட்டாரை நான் என் பட்டறையில் சோதித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. 50 ஆம்பியர் மோட்டாருக்கு 100 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும் பி.எம்.எஸ். உள்ளதாகவே வாங்குங்கள். நான் வாங்கிய மயிலாடுதுறைக் கடையில் லோடு கொடுத்து, வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்துக் காட்டிய பிறகுதான் பில் போட்டார்கள். அப்படிக் காட்ட மனமில்லாத கடையில் இந்த விலைக்குப் பொருள் வாங்காதீர்கள்.

லித்தியத்தின் உண்மையான குறை ஒன்று உண்டு. ஈயப் பேட்டரி தீரும்போது மோட்டார் தளர்ந்து நமக்குத் தெரிவிக்கும். லித்தியம் கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு, முடிவில் திடீரென்று வெட்டும். வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவே முடியாது. ஷன்ட் (ஓடும் கரண்டை அளக்க வயரில் இடையே மாட்டும் துண்டு) வைத்த மீட்டர் ஒன்று கட்டாயம் மாட்ட வேண்டும். போன ஆம்பியர், வந்த ஆம்பியர் இரண்டையும் எண்ணிச் சதவீதமாகக் காட்டும். என் படகில் 50 சதவீதம் ஆனதும் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

மீன்காட்டி, ஜி.பி.எஸ்., விளக்கு மூன்றையும் பெரிய பேட்டரியோடு சேர்க்கவில்லை. அவற்றுக்குத் தனியாக, கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் வருகிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் சீல் பேட்டரி. மீன்காட்டி இழுப்பது அரை ஆம்பியர் அளவுதான். பேட்டரியைப் பாதிவரை இறக்கினாலும் ஆறேழு மணி நேரம் ஓடும். ஒரே பேட்டரியில் மாட்டினால் மோட்டாரின் மின்னிரைச்சல் மீன்காட்டித் திரையில் கோடு கோடாக விழும், அடியில் மீனா கோடா என்று தெரியாது. அதைவிட முக்கியம், பெரிய பேட்டரி வெட்டிவிட்டாலும் இருட்டில் விளக்கும் வழி காட்டும் ஜி.பி.எஸ்.ஸும் கையில் இருக்கும்.

வயரைப் பற்றி என் தொழில்முறையில் ஒரு வார்த்தை. பேட்டரி முன்னால், மோட்டார் பின்னால் என்றால் போகவர 6 மீட்டர் ஆகிவிடும். வீட்டு ஏ.சி.க்குப் போடுகிற 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 50 ஆம்பியர் விட்டால் வழியிலேயே 0.9 வோல்ட் வீணாகும், வயரும் சுடும். 25 சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்கூடப் போகாது. வயர் முனைக்கு வெள்ளீயம் பூசிய செம்பு லக், அதை இறுக்கிப் பிடிக்க நல்ல கிரிம்பிங், மேலே வாஸ்லின். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் டி.சி. பிரேக்கர். நம் உப்புக்காற்றில் வெறும் செம்பு ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துவிடும்.

சார்ஜர் லித்தியத்துக்கென்றே வந்ததாக, 14.4 முதல் 14.6 வோல்ட்டில் நிற்பதாக இருக்கட்டும். வீட்டு இன்வர்ட்டரில் கொடுத்து ஏற்ற வேண்டாம். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் உபரி நீரைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டால் படகை எடுக்க மாட்டேன். அந்த மாதங்களில் பேட்டரியைப் பாதி சார்ஜில், வயரைக் கழற்றி நிழலில் வைக்கிறேன். ஈயப் பேட்டரிக்கு இது நேர்மாறு, அது எப்போதும் முழுச் சார்ஜில் இருக்க வேண்டும்.

இறால் குட்டையில் தீவனம் போடச் சுற்றி வருகிறவர்கள் இவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. அங்கே எதிர் நீரும் இல்லை, முழு வேகமும் வேண்டாம். இ-ரிக்‌ஷா பேட்டரி ஒன்று போதும். கரையேறியதும் சார்ஜில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.