கழல மறுக்கும் கியர் பாக்ஸ் சீல்: கொக்கியா, ஸ்க்ரூவா, உளியா?

குன்னூரில் எங்கள் வீட்டு முற்றம் சரிவானது. வண்டியிலிருந்து எண்ணெய் சொட்டினால் சொட்டிய இடத்தில் தேங்காது. சிமெண்ட் தரையில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடாக இறங்கி வாசற்படி வரை வந்துவிடும். போன மழைக்காலம் தொடங்கும் முன் அப்படி ஒரு கோட்டைத் தொட்டு மோந்து பார்த்தேன். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தது. என்ஜின் ஆயிலுக்கு அந்த வாடை வராது, இது கியர் ஆயில். வண்டி 1998 மாடல் மாருதி 800. இடது பக்க டிரைவ் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் உள்ள ஆயில் சீல் போயிருந்தது.

சமவெளியில் இருப்பவர்கள் இதை ஒரு மாதம் தள்ளிப் போடலாம். இங்கே முடியாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை நம்பாமல் இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டிய பாதை. அப்போது வண்டியின் பாரத்தை இழுத்துப் பிடிப்பது கியர் பற்களும் பேரிங்குகளும்தான். ஆயில் குறைந்த கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தால் முதலில் ஊளைச் சத்தம் வரும், அப்புறம் செலவு வரும்.

சீலைக் கழற்றும் முன் ஒன்று பார்த்துவிடுங்கள். கியர் பாக்ஸின் மேலே காற்றுப் போகும் சிறிய பிரீதர் மூடி இருக்கும். அது மண்ணால் அடைத்துக்கொண்டால், சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி நல்ல சீல் வழியாகக்கூட ஆயில் கசியும். என் வண்டியில் அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆக, சீலை மாற்றியே ஆக வேண்டும்.

சீல் என்பது ஒரு மெல்லிய இரும்பு வளையம், அதன் உள்விளிம்பில் ரப்பர் உதடு, அந்த உதட்டை ஷாஃப்ட்டின் மேல் இறுக்கிப் பிடிக்க முடி போன்ற ஒரு சுருள் ஸ்பிரிங். சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் குழி அலுமினியம், கியர் பாக்ஸ் உடம்பின், அதாவது ஹவுசிங்கின், ஒரு பகுதி. அதில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் புது சீல் போட்டும் அந்தக் கீறல் வழியே ஆயில் வரும். எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "சீலை எப்படி வேணும்னாலும் கிழிங்க தம்பி. ஹவுசிங்ல மட்டும் கோடு விழாம பாத்துக்கங்க." ஷாஃப்ட்டை உருவிய பிறகு செய்யும், கீழே வரும் எல்லா முறைகளையும் நான் அந்த ஒரு கண்ணால்தான் பார்க்கிறேன். எது சீக்கிரம் கழற்றும் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்புவது எல்லோரும் முதலில் செய்வது. புதிதாகப் போட்ட சீல் என்றால் வந்தும்விடும். இருபது வருடம் மலை ஈரத்தில் ஊறி, இரும்பு வளையம் துருப்பிடித்து அலுமினியத்தோடு ஒட்டிப்போன சீல் வராது. நெம்பும் வேகத்தில் கூர்முனை வழுக்கி நேரே குழியின் சுவரில் பாயும். மற்ற எந்த முறையையும்விட இதுதான் அதிக ஹவுசிங்குகளைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம். கையில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் நான் இதைச் செய்ய மாட்டேன்.

கொக்கி வடிவ சீல் புல்லர் அதற்கு நேர் எதிர். முனை மழுங்கலாக, வளைந்திருக்கும். ரப்பர் உதட்டுக்குப் பின்னால் விட்டு, இரும்பு வளையத்தின் உள்முதுகைப் பிடித்து இழுக்க வேண்டும். புல்லரின் முதுகு ஹவுசிங் விளிம்பில் அழுந்தும் என்பதால் இடையில் ஒரு மரத்துண்டு வைப்பது அவசியம். ஒரே இடத்தில் பலமாக இழுக்காமல், மணி 12, 6, 3, 9 என்று சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் நல்லது. இந்த முறையில் குழிக்கு ஏறக்குறைய ஆபத்தே இல்லை. அதனால் முதல் முயற்சி எப்போதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் சீல் உண்மையிலேயே முரண்டு பிடித்தால் கொக்கி ரப்பரை மட்டும் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு வரும். எனக்கு அப்படித்தான் ஆனது. முன்பு ஒரு ஒர்க் ஷாப்பில் இதே சீலை மாற்றியபோது வளையத்தைச் சுற்றி, கசிவை அடைக்கும் கேஸ்கெட் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். அது கல்லாக இறுகியிருந்தது. இரண்டாவது இழுப்பில் உதடு பிய்ந்து, உள்ளிருந்த ஸ்பிரிங் பாதி வெளியே தொங்கியது. அது உள்ளே விழுந்திருந்தால் கியர் பற்களுக்கு நடுவே போயிருக்கும். அங்கேயே நிறுத்தி, மூக்கு ப்ளையரால் ஸ்பிரிங்கை முழுசாக வெளியே எடுத்தேன். கொக்கிக்கு இரண்டு முயற்சி, மூன்றாவது வேண்டாம் என்பது அன்று நானே போட்டுக்கொண்ட கணக்கு.

அடுத்து ஸ்க்ரூ முறை. பிடிவாதமான சீலுக்கு வீட்டில் செய்யக் கூடியவற்றில் என் ஓட்டு இதற்குத்தான். சீலின் இரும்பு முகத்தில், எதிரெதிராக இரண்டு சிறு ஓட்டைகள் போட்டு, செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவை இரண்டு மூன்று சுற்று மட்டும் முறுக்கி, அதைப் பிடித்து இழுப்பது. இழுவிசை நேராக வெளிப்பக்கமே இருக்கும், குழியின் சுவரை எதுவும் தொடாது. கொக்கிக்குக் கிடைக்காத பிடி இதில் கிடைக்கும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சீலுக்குப் பின்னாலேயே பேரிங். டிரில் பிட் ஒரேயடியாகப் பாய்ந்தால் பேரிங் போச்சு. நான் 2 மி.மீ. பிட்டில், முனையிலிருந்து 3 மி.மீ. விட்டு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன். முனையில் ஒரு சுண்டைக்காய் அளவு கிரீஸ். டிரில்லை மெதுவாக ஓட்டினால் இரும்புத் துருவல் கிரீஸிலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு நான்கைந்து சுற்றுக்கும் பிட்டை வெளியே எடுத்துத் துடைத்தேன். ஓட்டை விழுந்ததும் கை சட்டென்று லேசாகும், அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். ஸ்க்ரூ இரண்டையும் ஏற்றி, ஹவுசிங் மேல் ஒரு தேக்குச் சில்லு வைத்து, ஆணி பிடுங்கும் சுத்தியால் இடது ஸ்க்ரூவை ஒரு நெம்பு, வலதை ஒரு நெம்பு. ஆறேழு முறை எதுவும் நகரவில்லை. அப்புறம் காய்ந்த பேஸ்ட் 'கறக்' என்று விட்டுக்கொடுத்து, வளையத்தின் ஒரு பக்கம் நகம் அளவு வெளியே வந்தது. மறுபக்கமும் வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

டிரில் போடும் முன் சீலின் முகத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று பெரும்பாலும் மில்லிமீட்டரில் அச்சடித்திருப்பார்கள். சில சீல்களில் சுற்றும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும், இடதும் வலதும் வேறு வேறு. கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் ஸ்பேர்ஸ் வரவழைக்கும் ஊரில் தப்பான சீல் வந்தால் ஒரு நாள் வீண்.

ஸ்லைடு ஹேமர் என்பது இதே ஸ்க்ரூ முறையின் பணக்கார வடிவம். கம்பியில் வழுக்கும் எடை, ஸ்க்ரூவில் மாட்டி இழுத்து அடித்தால் நேராக வரும். இரவல் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். ஒரே ஒரு சீலுக்காக விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

உளியால் விளிம்பை உள்பக்கமாக அடித்து வளையத்தையே மடக்கிவிடும் முறையைக் கோத்தகிரிப் பக்கம் காய்கறி ஏற்றும் பழைய ஜீப்புகளில் பார்த்திருக்கிறேன். அங்கே அது சரி. பின் ஆக்சில் உடம்பு இரும்பு வார்ப்பு, உளி ஒருமுறை தவறினாலும் தாங்கும். அலுமினியம் தாங்காது. ஜீப் பார்க்கும் கை அதே பழக்கத்தில் மாருதியைத் தொட வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள்.

சூடு காட்டுவது பற்றிப் பலரும் சொல்வார்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பது உண்மை. 50 மி.மீ. குழியின் சூட்டை 60 டிகிரி கூட்டினால் இரும்பைவிட அது கூடுதலாக விரிவது சுமார் 0.03 மி.மீ. பிடியைக் கொஞ்சம் தளர்த்த உதவும், அதற்கு மேல் இல்லை. குன்னூர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே ஏறக்குறைய 94 டிகிரியில்தான், ஆனாலும் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியை ஹவுசிங்கைச் சுற்றி வைக்க அதுவே போதும். தனி முறையாக இதை எண்ண வேண்டாம், ஸ்க்ரூவுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். தீக்கொழுந்து மட்டும் கூடவே கூடாது. சுற்றிலும் ஆயில். அதோடு, சில சீல்களின் புளோரின் கலந்த ரப்பர் எரிந்தால் வரும் புகை நுரையீரலையும் தோலையும் அரிக்கும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் மலையில் முதல் பிரச்சினை ஜாக்கி போடுவது. சரிவில் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவது நம் பழக்கம். முன்சக்கரத்தில் ஓடும் வண்டியில் முன்பக்கத்தைத் தூக்கிய பிறகு கியர் எதையும் பிடிக்காது. பின்சக்கரத்து ஹேண்ட் பிரேக் மட்டும்தான் மிச்சம். நான் பக்கத்துத் தேயிலை குடோனின் சமமான தளத்தில் இடம் கேட்டு, பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் அண்டைக்கல் வைத்து, ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் அடியில் போனேன். சமதளம் இன்னொன்றுக்கும் வேண்டும். பக்கவாட்டு பிளக் வழியே வழியும்வரை கியர் ஆயில் ஊற்றுவதுதான் அளவு, சரிவில் நின்றால் அந்த அளவு பொய்யாகிவிடும். வடித்த பழைய ஆயிலை ஓடையில் விடாதீர்கள், இங்கே ஓடுவதெல்லாம் பவானிக்குப் போகிறது. நான் கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிட்டேன்.

புது சீல் போடும்போது குழியைத் துணியால் துடைத்து, உதட்டில் கியர் ஆயில் தடவி, வளையத்தின் வெளிவிட்டத்துக்குச் சரியான பிவிசி குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டினேன். ஷாஃப்ட்டில் பழைய உதடு தேய்த்த ஒரு வளையத் தடம் நகத்தில் தட்டுப்பட்டது. அதனால் முன்பு இருந்ததைவிட ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தினேன், உதடு தேயாத இடத்தில் உட்காரட்டும் என்று.

ஒர்க் ஷாப்பில் விட்டிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். ஷாஃப்ட்டைக் கழற்றவே கை வராதவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். சக்கரத்தின் நடுவில் ஷாஃப்ட்டை இறுக்கியிருக்கும் ஹப் நட்டை விடுவிப்பது சீலைவிடப் பெரிய வேலை. ஆனால் அங்கே விடுவதாக இருந்தாலும் எதைக் கொண்டு கழற்றப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

மறுநாள் மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறிவிட்டு, இரவு வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் பனியில் நனைந்திருந்தது, எண்ணெய் இல்லை. முற்றத்துக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. தொட்டால் தூசுதான் ஒட்டுகிறது.