பழைய மின் ஜூஸர்: வாங்கலாம், சல்லடை வலையைப் பார்த்துவிட்டு

நுவரெலியா கரட், பீட்ரூட் மலிவாகக் கிடைக்கும் நம்ம பக்கத்தில் பழைய ஜூஸர் நல்ல வரவு. ஆனால் முதலில் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ட் என்றிருக்கும். நம்ம 230 வோல்ட்டில் நேராகக் குத்தினால் மோட்டார் கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அது இலாபமில்லை.

அடுத்தது சல்லடைக் கூடை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வலையில் கீறலோ, விளிம்பில் பிரிந்த இடமோ இருந்தால் வேண்டாம். வேகமாகச் சுழலும்போது அது பிய்த்துக்கொண்டு வரும். நடுவிலுள்ள துருவும் பற்கள் மழுங்கியிருந்தால் சாறு குறையும், சக்கை ஈரமாகவே விழும்.

மூடியைப் பூட்டாமலே மோட்டார் ஓடினால் பாதுகாப்புச் சுவிட்சை யாரோ நேர்வயர் பண்ணியிருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். வெறுமனே ஓடவிட்டுக் கேளுங்கள்: கரகரவென்றால் பெயாரிங் தேய்ந்திருக்கும். உள்ளே நெருப்பு வளையம்போல் பொறி பறந்தால் காபன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) முடிந்திருக்கலாம். அது மலிவாக மாற்றக்கூடியது. கருகிய வாடை வந்தால் மோட்டாரின் சுற்றுக்கம்பி போயிருக்கலாம்.

நல்ல மெஷினில் ஒரு கிலோ கரட்டுக்கு ஏறக்குறைய அரை லீற்றர் சாறு வரும். மோட்டார் முழு வேகம் பிடித்த பிறகே போட்டு, மெதுவாக அழுத்துங்கள். வல்லாரைக்கு இது சரிப்படாது, இலை சக்கையோடு போய்விடும். முடிந்த கையோடு வலையைப் பிரஷால் கழுவுங்கள். காய்ந்தால் கண் அடைத்துவிடும். பிளாஸ்டிக்கில் ஏறிய கரட் கறையைச் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும்.