முதுமலையா, முக்கூர்த்தியா?

ஊட்டிக்கு வருகிறவர்கள் காடு பார்க்க வேண்டுமென்றால் முதுமலைக்குத்தான் இறங்குவார்கள். தப்பில்லை. தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏறினால் புள்ளிமான் நிச்சயம், காட்டெருமை அநேகமாக, யானை அன்றைய யோகத்தைப் பொறுத்தது. புலியை நம்பிக் குழந்தைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். முகாம் யானைகளுக்குக் களி உருட்டி ஊட்டுவதைப் பார்த்தாலே வாண்டுகளுக்கு வந்த காரியம் முடிந்துவிடும்.

அதே நீலகிரியில் இருக்கும் முக்கூர்த்தி வேறு ரகம். வெறும் 78 சதுர கிலோமீட்டர்; புல்வெளி, மலை மடிப்புகளில் சோலைக்காடு, அவ்வளவுதான். 1990இல் தேசியப் பூங்கா ஆனதே வரையாட்டுக்காக. வண்டிச் சவாரி கிடையாது. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கி, நடந்தே பார்க்க வேண்டும்.

நான் போனபோது முதல் இரண்டு மணி நேரம் பனிமூட்டம் தவிர எதுவும் தெரியவில்லை. புல்லில் தேங்கிய ஈரத்தில் கால்சட்டை முழங்கால்வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. திடீரென்று ஒரு சீழ்க்கை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பினேன். கூட வந்த வனக்காவலர் சிரித்தபடி, "ஆடுதாங்க, நம்மளப் பாத்துடுச்சு" என்றார். மூட்டம் விலகியபோது பாறை விளிம்பில் கருத்த கிடா ஒன்று, முதுகில் சாம்பல் பூசினாற்போல.

தென்மேற்குப் பருவமழையில் அங்கே போகவே வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களோடு போகிறீர்களா, முதுமலைதான். என்னைக் கேட்டால், ஒரே ஒரு வரையாட்டுக்காக இன்னொரு முறை நனையத் தயார்.