பொது பிபிஏவா, பொழுதுபோக்கு வணிகப் பட்டமா?

இரண்டிலும் இடம் கிடைத்து, பொழுதுபோக்கு வணிகத்தில் சேர்ந்து படித்து முடித்தவன் நான். தராசு கொஞ்சம் அந்தப் பக்கம்தான் சாயும், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

கணக்கியல், பொருளியல், சந்தைப்படுத்தல் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிபிஏ எங்கே கொண்டுபோனாலும் செல்லும், அது என்ன படிப்பு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பட்டத்தைப் பார்த்தால் கேட்கிறார்கள். ஒரு நேர்காணலில் பாதி நேரம் அதை விளக்குவதிலேயே எனக்குப் போனது.

பாதை பிரிவது உரிமையிலும் ஒப்பந்தத்திலும். பிபிஏவிலும் வணிகச் சட்டம் உண்டு. ஆனால் அங்கே பொருளை விற்றால் கைமாறிவிடும், கணக்கு முடிந்தது. இங்கே விற்பது உரிமையை. அதையும் கூறுபோட்டு விற்பார்கள். பதிவான ஒரே பாட்டுக்குள் இரண்டு பதிப்புரிமை இருக்கிறது: வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு, அதாவது மாஸ்டருக்கு, இன்னொன்று. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் 6 ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019இல் வேறு கைக்குப் போயின. போனது மாஸ்டர் மட்டும்தான், வரியும் மெட்டும் அல்ல. அவற்றில் நான்கை 2021 முதல் அவர் திரும்பப் பாடிப் பதிந்து வெளியிட முடிந்ததற்கு இந்தப் பிரிவினைதான் அடிப்படை.

என் மனத்தை மாற்றியது அட்வான்ஸ் கணக்கு. இசைக் கம்பெனி கலைஞருக்குத் தரும் அட்வான்ஸ் 100, ராயல்டி, அதாவது வசூலில் அவர் பங்கு, 20 சதவீதம் என்று வையுங்கள். 100 வசூலானதும் அட்வான்ஸ் கழிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. வழக்கமான ஒப்பந்தத்தில் கலைஞரின் பங்கான அந்த 20 சதவீதத்திலிருந்துதான் கழிப்பார்கள். ஆக வசூல் 500ஐத் தொட வேண்டும். அதற்குள் கொடுத்த 100 போக 400 கம்பெனி கையில். கலைஞர் கணக்கிலோ அதுவரை பாக்கி. ஒலிப்பதிவுச் செலவையும் இதே பங்கில் ஏற்றினால் எப்போது கரை ஏறுவது? கழித்தல் தெரிந்த யாரும் போடக்கூடிய கணக்குதான். ஒப்பந்தத்தின் எந்த வரியில் அது ஒளிந்திருக்கிறது என்று தெரிவதற்குத்தான் படிப்பு.

சினிமாவில் இதேபோல் சிக்க வைப்பது நிகர லாபப் பங்கு, அதாவது செலவெல்லாம் கழித்து மிஞ்சுவதில் பங்கு. உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ஒரு படத்தில் நிகர லாபமே இல்லை என்றது அதைத் தயாரித்த பாரமவுண்ட் ஸ்டுடியோ. மூலக்கதைக்கு உரிமை கோரிய எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் வழக்குப் போட, 1990இல் அந்த ஒப்பந்தத்தின் லாபக் கணக்கு முறை நியாயத்துக்குப் புறம்பானது என்று லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் சொன்னது. நிகரத்தில் பங்கா, மொத்த வசூலில் பங்கா என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

பிபிஏ முந்தும் இடமும் உண்டு. நிதி ஆழமாக வேண்டும், படத்துக்கு முதலீடு திரட்டும் பக்கம் போக வேண்டும் என்றால் அதுவே மேல் என்று படுகிறது. நான் இருந்தது இசைப் பக்கம். வீடியோ கேம், மேடை நிகழ்ச்சி பற்றி என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பதிப்புரிமைக்கும் ஒப்பந்தத்துக்கும் தனித்தனித் தாள் இருக்கிறதா, நடத்துபவர் நிஜத்தில் ஒப்பந்தம் எழுதிப் பழகியவரா என்று விசாரியுங்கள். இரண்டும் இல்லாமல் பெயரில் மட்டும் பொழுதுபோக்கு இருந்தால், பிபிஏவிலேயே சேர்ந்துவிடுங்கள்.