பவளத் தொட்டிக்கான குளிர்விப்பு விசிறித் தொகுப்பு: ஒரு கோடைக்குப் பின்

வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் வரும் இந்த நான்கு விசிறிகளை என் 200 லிட்டர் பவளத் தொட்டியின் விளிம்பில் பொருத்திக் கோடை முழுவதும் பயன்படுத்தினேன்; சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கும் செலவைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு இது பெரும்பாலும் போதும் என்பதே என் மதிப்பீடு. நண்பகலில் 29 பாகை செல்சியஸைத் தொட்ட நீர், விசிறிகள் ஓடத் தொடங்கியபின் 26.5 பாகையைத் தாண்டவில்லை. மிகை வெப்பம் நீடித்தால் பவளங்கள் தம் திசுக்களில் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடும் என்பதால், இந்த வேறுபாடு சிறிதன்று.

ஆயினும், இக்கருவி நீரை ஆவியாக்கியே குளிர்விக்கிறது. நாளொன்றுக்கு 1 லிட்டராக இருந்த இழப்பு எனக்கு ஏறத்தாழ 4 லிட்டராக உயர்ந்தது. உப்பு ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த அளவை உப்புநீரால் அல்லாமல் உப்பு நீக்கிய ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்யாவிட்டால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். தானியங்கி நீர்நிரப்பி இல்லாதவர்கள் (முதல் வாரம் நானும் வாளியுடன்தான் அலைந்தேன்) அதன் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் திறன் குறைகிறது. இரைச்சலோ படுக்கையறைக்கு ஏற்றதன்று. உணரி, கண்ணாடி வெப்பமானியைவிட 0.8 பாகை கூடுதலாகக் காட்டியதால் அளவுத்திருத்தம் செய்ய நேர்ந்தது. விசிறிகள் நின்று மீண்டும் இயங்குவதற்கான இடைவெளி தொடக்கத்தில் 2 பாகையாக இருந்ததை 0.5 ஆகக் குறைத்த பின்னரே இரவு பகல் ஏற்றத்தாழ்வு அடங்கியது. இந்த அமைப்பைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.